சொல்தா வீட்டுக் கப்பரால்

நம் வயதுக்காரர்களுக்குக் கடற்கரைச் சாலையில் காலைநடை போவதற்குக் கால் எவ்வளவு வேண்டுமோ அதைவிட அதிகமாக வாய் வேண்டும். போன வாரம் முழுக்க நாய்ப் பேச்சுதான். தெருநாய்களையெல்லாம் பிடித்துக்கொண்டு போய்விட வேண்டும் என்று பாதிப் பேர் சொன்னார்கள். பிடிக்கக் கூடாது என்று மீதிப் பேர். நடுவில் ஒருவர், நாய்களுக்குச் சோறு வைக்கிற பெண்களின் மேலேயே சந்தேகப்பட்டார். "இவங்களுக்கு இதுல இன்னா லாபம்?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியைச் சிறுவயதில் நான் என் வீட்டு வாசலில் என் காதாலேயே கேட்டிருக்கிறேன். அன்று உங்களோடு பேசாமல் நடந்ததற்கு அதுதான் காரணம். நடந்துகொண்டே சொல்ல எனக்கு மூச்சு போதாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஊரின் தெற்குப் பக்கத் தெருக்களில் வளர்ந்தவர்களுக்கு அந்த மாதிரி வீடு தெரிந்திருக்கும். தெருவைப் பார்த்து உயரமான சுவர், நடுவில் பச்சை அடித்த பெரிய கதவு. உள்ளே நடப்பது எதுவும் வெளியே தெரியாது. எங்கள் தெருவில் அப்படி இருந்த ஒரே வீட்டைச் சொல்தா வீடு என்போம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து பென்சன் வாங்கியவர்களை நம் ஊரில் அப்படித்தானே சொல்வார்கள். அந்த வீட்டில் சொல்தாவும் அவர் மனைவியும் மட்டும் இருந்தார்கள். அந்தம்மாவை எல்லாரும் மதாம் என்று கூப்பிட்டோம். இன்று அந்தச் சுவருக்கு மஞ்சள் அடித்து, வெளியூர்க்காரர்கள் தங்குகிற விடுதி ஆக்கியிருக்கிறார்கள். அதன் முன்னால் நின்று இளைஞர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

சொல்தா ஒரு நாய் வளர்த்தார். காவி நிறம், மார்பில் மட்டும் வெள்ளை. கப்பரால் என்று கூப்பிடுவார். பட்டாளத்தில் அது ஏதோ சின்னப் பதவியின் பெயர். தெருப் பிள்ளைகள் எங்கள் வாயில் அது கப்பல் ஆகிவிட்டது. "கப்பல் வருது, கப்பல் வருது" என்று கத்திக்கொண்டு ஓடுவோம். சொல்தா அதைத் திருத்தியதே இல்லை.

எங்கள் வீடு சொல்தா வீட்டுக்கு ஒட்டின வீடு. அப்பாவை அத்தா என்போம். அத்தாவுக்குப் பெரிய மார்க்கெட் பக்கம் கயிற்றுக் கடை. கனகசெட்டிக்குளத்திலிருந்து மீன்பிடிக்கிறவர்கள் வந்து வடம் வாங்கிப் போவார்கள். அத்தாவின் சட்டையில், கையில், சாப்பிடுகிற தட்டில்கூடத் தேங்காய் நார் வாசனை இருக்கும். நாய் எச்சில் பட்டால் மண் போட்டுக் கழுவ வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆகவே கப்பரால் வாசலைக் கடந்தாலே அம்மா புடவையை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

எங்கள் தெரு எதையும் லேசில் நம்பாது. பால்காரர் அளக்கும்போது அம்மா குனிந்து படியின் அடியைப் பார்ப்பாள். எதிர்வீட்டு மளிகைக்கடைக்காரர் தராசைச் சரியாகத்தான் வைத்திருப்பார். ஆனால் வாங்க வந்தவர் தட்டை விரலால் அமுக்குகிறாரா என்று கண்ணை எடுக்காமல் பார்ப்பார். தெருக்கோடி மாடியில் தட்டாஞ்சாவடிப் பட்டறை ஒன்றில் வேலை செய்கிற அண்ணன் குடியிருந்தார். ஒரு வாரம் பகலில் வேலைக்குப் போவார், ஒரு வாரம் இரவில். அந்த ஒரு காரணத்துக்காகவே தெருவில் எது காணாமல் போனாலும் முதலில் அவர் பேச்சு வரும்.

அந்த வருடம் மழைக்காலத்துக்குச் சற்று முன்னால் சொல்தாவும் மதாமும் பிரான்சுக்குக் கிளம்பினார்கள். அங்கே இருக்கும் மகளுக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். பெரிய டிரங்குப் பெட்டிகள் டாக்சியின் மேல் ஏறின. மதாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே எல்லார் வீட்டுப் பக்கமும் பார்த்துக் கையை அசைத்தார். தெரு முழுக்க வாசலில் நின்றது. வழியனுப்ப நின்றார்களா, பெட்டிகளைப் பார்க்க நின்றார்களா என்று இன்றும் எனக்குச் சந்தேகம்தான்.

டாக்சி தெருமுனை திரும்பியதும் மளிகைக்கடைக்காரர், "நாய உட்டுட்டுப் போறாங்கன்னா உள்ள எதையோ வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். சும்மா ஊட்டுக்கு யாரு காவல் வெப்பாங்க?" என்றார்.

அன்றிலிருந்து அந்த வீடு வெறும் வீடாக இல்லை. அதற்குள் இருந்த பிரெஞ்சுக் கடிகாரம் தெருவின் பேச்சில் பெரிதாகிக்கொண்டே போனது. கிராமபோன் வெள்ளியில் செய்தது என்றார்கள். பீரோவின் அடித்தட்டில் தங்கக் காசு இருப்பதாக, பார்த்ததைப் போலச் சொன்னார்கள்.

அந்த வீட்டுக்குத் தினமும் ஒருத்தி வந்துபோனாள். தவளக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். மதாம் வீட்டில் பல வருடமாக வேலை செய்தவள். தவளக்குப்பத்தம்மா என்போம். அவள் பெயரைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. ஒல்லியாக, உயரமாக இருப்பாள். கையில் பச்சையும் வெள்ளையும் கலந்து பின்னின ஒயர் கூடை. மதியத்துக்குமேல் வந்து கதவைத் திறந்து உள்ளே போவாள். பொழுது சாய்வதற்குள் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். யாரோடும் நின்று பேச மாட்டாள். அடுத்த பஸ்ஸை விட்டால் வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்ட நேரமாகிவிடும் என்பது இப்போது எனக்குப் புரிகிறது. அப்போது தெரு அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டது.

"வரும்போது கூடை சப்பையா இருக்குது. போறப்போ பாரு," என்றாள் மளிகைக்கடைக்காரரின் மனைவி அம்மாவிடம்.

அம்மாவும் பார்த்தாள். பார்க்கப் பார்க்கக் கூடை பெருத்தது.

ஒரு நாள் அது உண்மையிலேயே புடைத்திருந்தது. கதவைப் பூட்டித் திரும்பியவளை மளிகைக்கடைக்காரர் நிறுத்தினார். அம்மா வாசலில் நின்றாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நான்.

"கூடைய கீழ வைம்மா. இன்னா இருக்குதுன்னு பாக்கணும்," என்றார் அவர்.

அவள் கூடையைக் கீழே வைக்கவில்லை. இடுப்போடு அணைத்துக்கொண்டு, "ஜன்னல் துணிங்க. மதாம் தோய்க்கச் சொன்னாங்க," என்றாள்.

"இங்க தோய்க்கறதுக்கு இன்னா? கெணறு இல்லியா?"

"கெணத்துக் கயிறு அறுந்துபோச்சுங்க. எங்க ஊர்ல பம்புசெட்டு இருக்குது. அங்க அலசி எடுத்தாறேன்."

நான்கைந்து பேர் கூடிவிட்டார்கள். யாரோ கூடையை இழுத்தார்கள். ஓரத்தில் பூ வேலை செய்த வெள்ளைத் திரைச்சீலைகள் தெருவில் விழுந்தன. கீழே வேறு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாமல் போனது கூட்டத்துக்கு ஏமாற்றமாக இருந்தது. அதனால் அந்தத் துணிகளையே குற்றமாக்கினார்கள். இன்று துணி, நாளைக்குக் கடிகாரம் என்றார்கள்.

"ஆளே இல்லாத ஊட்டுக்கு, இவ்ளோ தூரம் தெனம் பஸ் ஏறி வர்ற. இதுல ஒனக்கு இன்னா லாபம்?" என்று கேட்டாள் அம்மா.

"நாய்க்குச் சோறு வெக்க வரேன்," என்றாள் அவள்.

யாரோ சிரித்தார்கள். போலீசில் சொல்ல வேண்டும் என்று இன்னொருவர் சொன்னார். அவள் குனிந்து திரைச்சீலைகளில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். மறுபடி கதவைத் திறந்து, அவற்றை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து பூட்டினாள். காலிக் கூடையோடு எங்களைத் தாண்டிப் போகும்போது, "இனிமே நான் இந்தப் பக்கம் வரமாட்டேன். வாயில்லாத ஜீவன், நீங்களே பாத்துக்குங்க," என்று மட்டும் சொன்னாள்.

"மாட்டிக்கிட்டா இல்ல, அதான் ஓடறா," என்றார் மளிகைக்கடைக்காரர். தெரு நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியது.

இப்போது நினைத்தால் எனக்கு உறுத்துவது வேறு. அறுந்த கயிறு பற்றி அவள் சொன்னபோது, பக்கத்து வீடு முழுக்கக் கயிறாக இருந்தது. எங்கள் வாசல்நடையில் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருந்தார் அத்தா. அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட, ஒரு முழம் கயிறு தருகிறேன் என்று சொல்லவில்லை.

அவள் சொன்னபடி வரவில்லை. கப்பரால் குரைத்தது. முதலில் அவள் வரும் நேரத்துக்கு மட்டும் குரைத்தது, பிறகு எப்போதும். எங்கள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து பார்த்தால் சொல்தா வீட்டுப் பின்கட்டு முற்றம் முழுசாகத் தெரியும். கிணறு, துவைக்கிற கல், மூன்று பக்கமும் தாழ்வாரம். மளிகைக்கடைக்காரரின் மனைவி மீந்த சோற்றைக் கொடுத்தனுப்பினாள். நான் மேலிருந்து போட்டேன். பாதி ஓட்டின்மேல் விழுந்து காக்கைக்குப் போனது. கீழே விழுந்ததை நாய் மோந்து பார்த்துவிட்டு விலகியது.

அதுவும் சில நாள்தான். "மேலேர்ந்து யாராவது வெஷம் கலந்து போட்டுட்டா நம்ம தலைல விழும். ஊட்டுக்குள்ள பூரணும்னு நெனைக்கறவன் மொதல்ல நாயத்தான் கொல்லுவான்," என்றார் மளிகைக்கடைக்காரர். யார் சோறு போட்டாலும் அவரைச் சந்தேகப்படலாம் என்று ஆனதும் யாரும் போடவில்லை. அவர்கள் போடுவார்கள் என்று நாங்கள் இருந்தோம். நாங்கள் போடுவோம் என்று அவர்கள் இருந்தார்கள்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. கடல் பக்கத்திலிருந்து கறுத்து வந்து ஓயாமல் கொட்டியது. சுவரெல்லாம் பாசி வாசனை. அடுப்புக் கரியும் நமத்துப்போனது. ஒரு காலை, அத்தா டீ குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"கப்பல் சத்தம் காணோமே," என்றார்.

அம்மாவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

அத்தாவோடு நானும் மாடிக்குப் போனேன். முற்றத்தின் நீர்ப்போக்கை இலைகள் அடைத்துவிட்டன. துவைக்கிற கல் முழுகிவிட்டது. தண்ணீர் தாழ்வாரத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. கப்பரால் வாசல்கதவைப் பார்த்துத் தலையை வைத்துப் படுத்திருந்தது. விலா எலும்புகள் தெரிந்தன. அத்தா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எங்கள் வீட்டில் யாரும் அதைக் கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒரு காது மட்டும் அசைந்தது.

மளிகைக்கடைத் தகரக் கூரையின் கீழே தெரு கூடியது. மழைச் சத்தத்தில் எல்லாரும் உரக்கப் பேச வேண்டியிருந்தது.

"பூட்ட ஒடைக்கலாம்," என்றார் அத்தா.

"ஒடைச்சுட்டு? நாளைக்கு ஒண்ணு கொறையுதுன்னா மொதல் கேஸு நம்ம மேலதான் பாய்," என்றார் மளிகைக்கடைக்காரர்.

தட்டாஞ்சாவடி அண்ணன் நனைந்த சட்டையோடு நின்றிருந்தார். "பாய் வீட்டு மாடிலேர்ந்து ஏணி போட்டு நான் எறங்கறேன். நாயத் தூக்கிட்டு வந்துடறேன்," என்றார்.

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை அவருக்குப் புரிந்தது. முகம் சிவந்துவிட்டது.

"எம்மேல நம்பிக்க இல்லன்னா நீங்க எறங்குங்கண்ணே," என்றார் மளிகைக்கடைக்காரரிடம்.

"நான் எறங்குனா நீ சும்மா இருப்பியா?" என்றார் அவர்.

ஒருவர் தனியாக இறங்க மற்றவர்கள் ஒப்பவில்லை. யாரும் இறங்காவிட்டால் நாய் செத்துவிடும். கடைசியில் ஒரு வழி சொன்னது அம்மாதான். எதிரே எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றபடியே உரக்கச் சொன்னாள். "மூணு பேரும் எறங்குங்க. ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குங்க. மேல நாங்க எல்லாரும் நின்னு பாக்கறோம்."

எங்கள் தெரு அன்று ஒன்றுசேர்ந்தது இப்படித்தான். அன்பினால் என்று சொன்னால் பொய். யாரையும் தனியாக விட முடியாததால் எல்லாரும் வந்தார்கள். அதுவரை எங்கள் வீட்டுப் படி ஏறாத பெண்களெல்லாம் அன்று மொட்டைமாடியில் குடையும் கோணியுமாக நின்றார்கள். இறங்குகிற மூவரும் சட்டைப் பையைக் காலி செய்ய வேண்டும் என்றார் ஒருவர். அம்மா ஒரு தாம்பாளத்தை நீட்டினாள். மளிகைக்கடைக்காரரின் மூக்குப்பொடி டப்பி, அத்தா ஓதிக்கொண்டே உருட்டும் தஸ்பீஹ் மணி, தட்டாஞ்சாவடி அண்ணனின் சீப்பும் பீடிக்கட்டும் அதில் விழுந்தன. மழை அவற்றை நனைத்தது.

மூங்கில் ஏணியைக் கட்டி இறக்கினார்கள். அத்தா கடையின் தடித்த வடத்தில் மளிகைக்கடையின் பெரிய பிரம்புக் கூடையைக் கட்டித் தொங்கவிட்டார்கள். மேலே வடத்தைப் பிடித்துக்கொண்டு ஆண்கள், அவர்களுக்குப் பின்னால் பெண்கள், கடைசியில் பிள்ளைகள். ஈரக் கயிறு உள்ளங்கையை அறுத்தது.

கீழே மூன்று பேரும் முழங்கால் தண்ணீரில் நடந்து தாழ்வாரத்துக்குப் போனார்கள். நாய்க்கு எழுந்திருக்கத் தெம்பில்லை. ஆனால் உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டியது. அதற்கும் எங்கள் மேல் நம்பிக்கை இல்லை. தட்டாஞ்சாவடி அண்ணன் கோணிப்பையை விரித்து அதன்மேல் போட்டு அள்ளினார். கோணிக்குள்ளிருந்து ஒரு உறுமல். அவர் "ஸ்" என்றார். மணிக்கட்டிலிருந்து ரத்தம் சொட்டியது. அப்போதும் அவர் பிடியை விடவில்லை. கூடையில் வைத்துவிட்டுத்தான் கையைப் பார்த்தார். நாங்கள் இழுத்தோம். கூடை சுவரில் உரசி உரசி மேலே வந்தது. ஈர நாயின் வாடை மாடி முழுக்கப் பரவியது. அம்மா புடவையை இழுத்துக்கொள்ளவில்லை.

மற்ற இரண்டு பேரும் உடனே ஏறவில்லை. தாழ்வாரத்து ஜன்னல் ஒன்று காற்றில் திறந்துகிடந்தது. மளிகைக்கடைக்காரர் அதன் வழியாக உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார். அத்தாவும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு ஏறி வந்தார்கள்.

"இன்னா இருக்குது உள்ள?" என்று கேட்டாள் அவர் மனைவி.

"எல்லாம் இருக்குது," என்றார் மளிகைக்கடைக்காரர்.

கடிகாரம் சுவரில், கிராமபோன் மேசையில். நாற்காலிகளின்மேல் துணி போர்த்தியிருந்தது. நான்கு ஜன்னல்களில் துவைத்து மடிப்புக் கலையாத திரைச்சீலை. மீதி ஜன்னல்கள் வெறுமையாக. அந்தத் துணிகள் அவள் அன்று கொண்டுபோய் வைத்த நாற்காலியில் தெருமண்ணோடு மடித்தபடி இருந்தன. இதை அத்தா இரவு சாப்பாட்டின்போதுதான் சொன்னார். மேலே வந்த மூன்று பேரின் சட்டைப் பையையும் யாரும் பார்க்கவில்லை. தாம்பாளத்தை அம்மா திருப்பி நீட்டினாள், அவரவர் பொருளை எடுத்துக்கொண்டார்கள்.

கதை அதோடு முடிந்திருந்தால் நாம் எல்லாரும் நல்லவர்கள் என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் நாய் கடித்துவிட்டது. அந்தக் காலத்தில் நாய்க்கடி என்றால் தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்கள். தட்டாஞ்சாவடி அண்ணனைத் தினமும் ஆஸ்பத்திரிக்கு மளிகைக்கடைக்காரர்தான் சைக்கிளில் உட்காரவைத்து மிதித்துக்கொண்டு போனார். "இவன் ஊசி போட்டுக்கறானா, டிமிக்கி குடுக்கறானான்னு யாருக்குத் தெரியும்? பக்கத்துல நின்னு பாத்தாத்தான் ஆச்சு," என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். அப்படிச் சொல்லாமல் அவரால் அதைச் செய்ய முடியவில்லை என்பது இப்போது புரிகிறது.

மாட்டு டாக்டர் வந்து பார்த்தார். வெறி இருக்கிறதா என்று இப்போதே சொல்ல முடியாது, கட்டிவைத்துக் கவனியுங்கள், கொஞ்ச நாள் உயிரோடு நன்றாக இருந்தால் பயமில்லை என்றார். எங்கே கட்டுவது என்று கேட்டதும் ஒவ்வொருவராகத் தங்கள் வாசலுக்கு நகர்ந்தார்கள்.

"எங்க நடைல கட்டுங்க," என்றாள் அம்மா. அத்தா அவளைத் திரும்பிப் பார்த்தார். "கழுவிக்கலாம்," என்றாள்.

கப்பரால் எங்கள் கயிற்றுக் கட்டுகளுக்கு நடுவே சுருண்டு கிடந்தது. பால், ரொட்டி, ரசம் சாதம், எதையும் தொடவில்லை. தண்ணீர் மட்டும் யாரும் பார்க்காதபோது நக்கிக்கொண்டது. அதனால் தண்ணீர் குடித்ததைப் பார்த்தேன் என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. சாப்பிடாத நாய் வெறிநாய் என்று தெரு முடிவு கட்டியது. முனிசிபாலிட்டி வண்டியைக் கூப்பிட்டு ஒப்படைத்துவிடலாம் என்றார்கள்.

தட்டாஞ்சாவடி அண்ணன் கட்டுப்போட்ட கையோடு வந்து நடைவாசலில் உட்கார்ந்தார். "இது செத்துட்டா எனக்கு இன்னான்னு எப்பிடித் தெரியும்? பட்டினில செத்துதா வெறில செத்துதான்னு நான் ஆயுசுக்கும் யோசிச்சுக்கினு இருக்கணுமா?" என்று கேட்டார். அவருக்கு அப்போது இருபத்துச் சொச்சம் வயதுதான் இருக்கும். எங்களுக்கெல்லாம் அவர் பெரிய ஆளாகத் தெரிந்தார்.

"அவ கையால வெச்சா தின்னும்," என்றாள் அம்மா. யார் என்று அவள் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கடலூர் பஸ்ஸில் அத்தா, அம்மா, மளிகைக்கடைக்காரர் மூவரும் போனார்கள். வீட்டில் விட ஆளில்லாததால் நானும். தவளக்குப்பம் கூட்டுரோட்டில் இறங்கி, சந்தைக்குப் பின்னால் விசாரித்துக்கொண்டு போனோம். அவள் நடவு முடித்து வந்திருந்தாள். முழங்கால்வரை சேறு. எங்களைப் பார்த்ததும் அவள் பார்வை எங்களைத் தாண்டி ரோட்டுக்குப் போனது.

"போலீசு எங்க நிக்குது?" என்று கேட்டாள்.

"போலீசெல்லாம் இல்லம்மா. நாய் விஷயமா வந்தோம்," என்றார் அத்தா.

"செத்துப்போச்சா? அந்தப் பழியையும் எம்மேல போடலாம்னு வந்தீங்களா?"

மளிகைக்கடைக்காரர் நடந்ததைச் சொன்னார். ஏணி, கூடை, கடி, ஊசி. அவள் நம்பாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் நிறுத்தியதும், "உள்ள போனீங்களே, எல்லாம் இருந்துதா?" என்றாள்.

அவர் தரையைப் பார்த்து, "இருந்துது," என்றார்.

அவள் எங்களை உட்காரச் சொல்லவில்லை. பம்புசெட்டுத் தண்ணீர் விழும் சத்தம் எங்கோ கேட்டது. அம்மா முன்னால் வந்து நின்றாள். பிறகு, "கதவப் பாத்துக்கினே படுத்துக்கெடக்குது அக்கா," என்றாள். தன்னைவிட இளையவளாக இருந்திருக்கக்கூடியவளை அம்மா அக்கா என்று சொன்னதை நான் கவனித்தேன்.

தவளக்குப்பத்தம்மா உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை. மறுபடி வந்தபோது காலைக் கழுவியிருந்தாள், கையில் ஒயர் கூடை இருந்தது.

"வரேன். ஆனா ஒண்ணு. உள்ள போறப்பவும் வெளிய வரப்பவும் கூடையத் தொறந்து காட்டுவேன். நீங்க பாக்கணும். பாத்தேன்னு சொல்லணும்."

"அதெல்லாம் வேணாம்மா," என்றார் அத்தா.

"வேணும் பாய். எனக்கு வேணும்."

எங்கள் நடையில் அவள் நுழையும் முன்பே கயிற்றுக் கட்டுகளுக்கு நடுவிலிருந்து ஒரு சத்தம் வந்தது. குரைப்பு இல்லை, முனகல். அவள் உட்கார்ந்தாள். நொய்க்கஞ்சியில் கருவாட்டுத் துண்டு போட்டுக் கொண்டுவந்திருந்தாள். உள்ளங்கையில் ஊற்றி நீட்டினாள். நாய் அவள் விரல்களை நக்கிவிட்டுக் குடித்தது. தட்டாஞ்சாவடி அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. மளிகைக்கடைக்காரர் அவர் முதுகில் கையை வைத்தபடி நின்றார்.

நாய் தேறியது. டாக்டர் சொன்ன கெடு தாண்டியதும் அதைச் சொல்தா வீட்டு முற்றத்தில் கொண்டுபோய் விட்டோம். அத்தா அந்தக் கிணற்றுக்குப் புதுக் கயிறு கட்டினார். அவள் பழையபடி தினமும் வந்தாள். கதவைத் திறக்கும் முன் கூடையைத் தெருவில் வைத்து, யாராவது வந்து பார்க்கும்வரை நிற்பாள். கஞ்சித் தூக்கு, கருவாட்டுப் பொட்டலம், ஒரு துண்டு. "பாத்தீங்களா?" என்பாள். பார்த்தேன் என்று சொன்னால்தான் உள்ளே போவாள். திரும்பி வரும்போதும் அப்படியே. அந்த நேரம் வந்தால் தெருவில் கதவுகள் மெல்லச் சாத்திக்கொள்ளும். மளிகைக்கடைக்காரர் கணக்கு பார்ப்பதுபோலக் குனிந்துகொள்வார். அவள் மழையிலும் நிற்பாள். கடைசியில் யாராவது வெளியே வந்தாக வேண்டும். பெரும்பாலும் அம்மாதான் வருவாள்.

நோன்புப் பெருநாள் அன்று அம்மா ஒரு தூக்கில் பிரியாணி நிறைத்துத் தவளக்குப்பத்தம்மாவிடம் நீட்டினாள். அவள் வாங்கவில்லை. "கூடைல இது எப்பிடி வந்துதுன்னு நாளைக்கு ஒருத்தர் கேப்பாங்க பாயம்மா," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். அம்மா தூக்கோடு உள்ளே வந்து அடுக்களையில் உட்கார்ந்திருந்தாள். அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

வெயில்காலம் வந்தபோது மதாமின் தம்பி காரைக்காலிலிருந்து வந்தார். அவர்கள் இனித் திரும்ப மாட்டார்கள், வீட்டை விற்கப்போகிறோம் என்றார். நாயைத் தவளக்குப்பத்தம்மாவே வைத்துக்கொள்ளலாம், சாவியை மட்டும் விற்கும்வரை பக்கத்து வீட்டில் கொடுத்துவிடட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மதாம் நாயைக் கைவிட்டுப் போனதாகத்தான் தெரு அதுவரை பேசிக்கொண்டிருந்தது. நாய்க்கு அரிசியும், அவளுக்குப் பஸ் சார்ஜும் மாதாமாதம் காரைக்காலிலிருந்து வந்துகொண்டிருந்ததை அவர்தான் போகிறபோக்கில் சொன்னார்.

மறுநாள் அவள் தன் புருஷனோடு வந்தாள். அவர் சைக்கிளின் பின்னால் ஒரு சாக்கை மடித்துப் போட்டுக் கட்டியிருந்தார். ஆனால் கப்பரால் அதில் ஏறவில்லை. அவள் காலோடு ஒட்டி நின்றது. தெரு முழுக்க வெளியே வந்திருந்தது. தட்டாஞ்சாவடி அண்ணன் குனிந்து அதன் தலையைத் தடவினார். அது பேசாமல் தடவவிட்டது. அவள் வழக்கம்போலக் கூடையைத் திறந்து வைத்தாள். எல்லாரும் பார்த்தார்கள். பார்த்தோம் என்றார்கள்.

பிறகு அவள் எங்கள் வாசலுக்கு வந்து அம்மாவிடம் சாவியை நீட்டினாள்.

"இந்தாங்க பாயம்மா. விக்கற வரைக்கும் நீங்க வெச்சுக்கணுமாம்."

அம்மா கையை நீட்டவில்லை. ஓர் அடி பின்னால் போனாள்.

"எனக்கு வேணாம்மா. ஆளில்லாத ஊட்டுச் சாவி. நாளைக்கு ஒண்ணு காணோம்னா என்னத்தான்..."

அவ்வளவு சொன்ன பிறகுதான் தான் சொல்வது அம்மாவின் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். அப்படியே நிறுத்திவிட்டாள்.

தவளக்குப்பத்தம்மா சிரித்தாள். அவள் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை. பல் வரிசையாக, அழகாக இருந்தது. அம்மாவின் கையைப் பிடித்து, விரல்களை விரித்து, சாவியை வைத்து மூடினாள்.

"பயப்படாதீங்க," என்றாள்.

அவள் நடந்தாள். நாய் கூடவே போனது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு புருஷன் பின்னால் போனார். தெரு திரும்பும்வரை அம்மா மூடிய கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள்.

அந்த வீட்டை விற்க ஒரு வருடத்துக்குமேல் ஆனது. தூசி தட்டவும் ஜன்னல்களைத் திறந்து வைக்கவும் அம்மா அடிக்கடி போக வேண்டியிருந்தது. ஒரு தடவைகூட அவள் தனியாகப் போனதில்லை. மளிகைக்கடைக்காரரின் மனைவியைக் கூப்பிட்டுக்கொள்வாள். அவள் ஊரில் இல்லாத நாளில், அம்மா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, தெருவில் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.